எல்லாம் எழுதியபடி என்றால் மாத்திரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் தஞ்சாவூர் வாசகர் ஒருவர் முஸ்லிம்களின் விதி நம்பிக்கையைப் பற்றி எழுதியிருந்தார். எல்லாவற்றையும் இறைவன் முன்பே எழுதிவிட்டான் என்றால் பாவம் செய்தவனை எதற்காக நரகத்தில் போட வேண்டும், அப்படி நம்புகிறவன் எதற்காகப் பாடுபட வேண்டும், இந்த நம்பிக்கையால்தான் எதைக் கேட்டாலும் 'இன்ஷா அல்லாஹ்' (இறைவன் நாடினால்) என்று சொல்லி நழுவுகிறார்கள் என்பது அவர் எழுதியதன் சாரம். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கேள்வி நல்ல கேள்விதான். இன்ஷா அல்லாஹ் சொல்லி நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன், எங்கள் வீட்டு மாடியைப் பூச வர வேண்டிய கொத்தனார் அந்த வார்த்தையைச் சொன்னார் என்றால் அந்த மாதம் வர மாட்டார் என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். ஆனால் இந்தக் கேள்வியை முஸ்லிம்கள் யாரும் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை, அவர்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்தார் என்பதுபோல அந்தக் கடிதம் இருந்தது. கேட்டார்கள். 1,300 வருடங்களுக்கு முன்பே கேட்டு, சண்டை போட்டு, அதற்காகத் தலையையும் கொடுத்திருக்கிறார்கள்.

நான் மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா இல்லை. நாகூர்ப் பக்கம் எங்களுக்கு மருந்துக் கடை, டி.ஃபார்ம் படித்தவள் என்பதால் கல்லாவில் பெரும்பாலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன். பிறந்தது கூத்தாநல்லூர்ப் பக்கம், ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. வாழ்க்கைப்பட்டது ஷாஃபி மரைக்காயர் வீட்டில். ஹனஃபி, ஷாஃபி இரண்டும் மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுகள். நம் டெல்டாவில் பொதுவாக உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி, கரையோரம் ஷாஃபி என்று சொல்வார்கள். இந்த வீட்டு விவரம் எதற்கு என்று நினைக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இஸ்லாத்தில் விதி என்பதே கிடையாது, எல்லாம் மனிதன் கையில்தான் என்று சில பேர் நல்ல பெயர் வாங்குவதற்காக மேடையில் பேசுகிறார்கள். அது சரியில்லை. சின்ன வயதில் சாயங்காலம் மதரசாவுக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'ஆமன்த்து பில்லாஹி' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஒப்பிக்கும்: அல்லாஹ்வை, வானவர்களை, வேதங்களை, தூதர்களை, இறுதி நாளை, அப்புறம் நன்மை தீமை இரண்டும் அல்லாஹ்வின் ஏற்பாட்டில்தான் நடக்கின்றன என்ற கத்ரை, அதாவது விதியை, நம்புகிறேன் என்று. வானவர் ஜிப்ரீல் வந்து ஈமான் (இறைநம்பிக்கை) என்றால் என்ன என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதிலிலும் கத்ர் இருக்கிறது. வானங்களும் பூமியும் படைக்கப்படுவதற்கு 50,000 ஆண்டுகளுக்கு முன்பே படைப்புகளின் விதிகள் எழுதப்பட்டன என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அதன் உணவு, ஆயுள், செயல், அது நற்பேறு பெற்றதா துர்பாக்கியமானதா என்று நான்கையும் ஒரு மலக்கு (வானவர்) எழுதுவதாக இன்னொரு ஹதீஸ். ஆக, எழுதப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை எங்களிடம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தஞ்சாவூர் வாசகரின் கேள்வியை அப்படியே நபியிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். மதீனாவில் பகீஉ என்னும் அடக்கத்தலத்தில் ஒரு ஜனாஸா (இறந்தவரின் அடக்கம்). நபி (ஸல்) உட்கார்ந்து, கையில் இருந்த குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் ஒவ்வொருவருக்கும் சொர்க்கத்திலோ நரகத்திலோ இடம் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்கிறார்கள். உடனே ஒருவர் கேட்கிறார், அப்படியானால் அந்த எழுத்தை நம்பி நாங்கள் செயல்களை விட்டுவிடலாமா? பதில்: செயல்படுங்கள், யார் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும். அப்புறம் குர்ஆனின் லைல் அத்தியாயத்திலிருந்து, கொடுத்து உதவி இறைவனுக்கு அஞ்சி நடப்பவனுக்கு ஒரு வழியும் கஞ்சத்தனம் செய்து அலட்சியமாக இருப்பவனுக்கு இன்னொரு வழியும் எளிதாக்கப்படும் என்ற வசனங்களை ஓதினார்கள். இந்தப் பதில் தத்துவ முடிச்சை அவிழ்க்கவில்லை என்று யாராவது சொன்னால் நானும் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கேட்டவரை எந்தப் பக்கம் திருப்பி அனுப்புகிறது என்று பாருங்கள். எழுதியிருப்பதை யாரும் படித்துப் பார்த்தது கிடையாது. செய்ய வேண்டிய வேலை மட்டும் கண் முன்னால் இருக்கிறது.

எங்கள் அத்தா (அப்பா) குத்தகைக்கு நிலம் வைத்திருந்தார். ஜூன் 12-க்கு மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும், அவர் பாட்டுக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டிப் பிஸ்மில்லா சொல்லி ஊறப்போட்டுவிட்டு நாற்றங்கால் வரப்பை வெட்டப் போவார். தண்ணீர் வராத வருடத்தில் 'நஸீபு இல்லை', அதாவது விதியில் இல்லை, என்பார், சொல்லிவிட்டு எள் போடலாமா உளுந்து போடலாமா என்று பார்ப்பார். இதில் எந்த இடத்தில் சோம்பேறித்தனம் இருக்கிறது என்று தஞ்சாவூர்க்காரர் சொல்ல வேண்டும், அவர் ஊரைச் சுற்றிலும் இப்படிப்பட்ட ஆட்கள்தானே இருக்கிறார்கள், இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ.

இனி உமர் (ரலி) அவர்களின் சம்பவம். இதை எங்கள் ஜும்ஆ பயான்களில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளில்) 2020-இல் கொரோனா வந்தபோதுதான் நிறையப் பேர் கவனித்துக் கேட்டார்கள். ஹிஜ்ரி 18, ஆங்கிலக் கணக்கில் 639 வாக்கில், கலீஃபா உமர் மதீனாவிலிருந்து சிரியாவுக்குப் புறப்பட்டுப் போகிறார். ஸர்ஃக் என்ற இடத்துக்கு வந்தபோது, எதிரில் வந்த தளபதிகள் சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்கிறார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாற்றில் பெயர் அதற்கு. உமர் முதலில் மக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த முஹாஜிர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்கிறார், அவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மதீனாக்காரர்களான அன்சாரிகளைக் கூப்பிடுகிறார், அதே கதை. கடைசியில் குறைஷிப் பெரியவர்களைக் கேட்கிறார், அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் திரும்பிவிடுங்கள் என்கிறார்கள். காலையில் திரும்புகிறோம் என்று அறிவித்துவிட்டார். அப்போது அபூ உபைதா (ரலி), சாதாரண ஆள் இல்லை, சிரியாப் படைகளுக்கே தலைவர், நபியின் மிக நெருங்கிய தோழர்களில் ஒருவர், கேட்கிறார்: அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்? உமருக்கு மனசு சங்கடப்பட்டுவிட்டது. அபூ உபைதாவே, இதை வேறு யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்றார் உமர். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் ஓடுகிறோம், உங்களிடம் ஒட்டகங்கள் இருந்து, ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் காய்ந்தும் கிடக்கும் பள்ளத்தாக்கில் இறங்கினால், பச்சைப் பக்கம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான், காய்ந்த பக்கம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான் இல்லையா என்றார். அதற்கப்புறம்தான், வேறு வேலையாகப் போயிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் இருக்கிற ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கிற ஊரில் வந்தால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்று நபி சொன்னதைத் தான் கேட்டிருப்பதாகச் சொன்னார். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பிப் போனார். அபூ உபைதா தன் படைகளிடம் திரும்பினார், அந்த நோயிலேயே இறந்தார்.

இரண்டு பேருமே கத்ரை நம்பியவர்கள்தான். ஒருவர் கூட மற்றவரைப் பார்த்து ஈமான் குறைந்தவர் என்று சொல்லவில்லை. இதைக் கொரோனா சமயத்தில் எங்கள் கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்த ஆலிம் ஒருவருக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். பள்ளிவாசலை மூடியது ஈமான் குறைவு என்று சத்தம் போட்ட இரண்டு பேர் அதற்கப்புறம் பேசாமல் முகக்கவசம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தலைப்பில் மாத்திரை என்று எழுதியிருக்கிறேனே, அதற்கு வருகிறேன். கடையில் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை 'அல்லா விட்ட வழி'. சுகர் மாத்திரைக்கு ஒரு மாதத்துக்கு டாக்டர் சீட்டு எழுதியிருப்பார், வருகிறவர் மெட்ஃபார்மினில் ஒரு அட்டை மட்டும் போதும் என்பார், பிரஷர் மாத்திரையை அப்புறம் பார்க்கலாம் என்பார், ஏன் மாமி முழுசாக வாங்கவில்லை என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார். ஆரம்பத்தில் நான் ஹதீஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் நபியிடம், நாங்கள் செய்துகொள்ளும் வைத்தியமும் ஓதிப்பார்ப்பதும் அல்லாஹ்வின் விதியில் எதையாவது தடுக்குமா என்று கேட்டபோது, அவையும் அல்லாஹ்வின் விதியில் உள்ளவைதான் என்று பதில் சொன்னதாக வரும் ஹதீஸ் அது. வைத்தியம் செய்துகொள்ளுங்கள், நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கிறான் என்ற ஹதீஸும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு அந்த மாமி ஒரு அட்டையோடுதான் போவார். பிறகுதான் புரிந்தது, அவருக்கு அகீதாவில் (மார்க்கக் கொள்கையில்) பிரச்சினை எதுவும் இல்லை, கையில் காசில்லை. காசில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு விதியைச் சொல்கிறார். இப்போதெல்லாம் ஹதீஸ் சொல்வதை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன் எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறேன், அல்லது அரசு ஆஸ்பத்திரியில் இதே மாத்திரை சும்மா தருவார்கள் என்று வழி சொல்கிறேன். ஏழை வாயில் வரும் விதியைக் கேட்டு அவனுடைய மதம் அவனை மந்தமாக்கிவிட்டது என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும்.

அதிகாரத்தில் இருக்கிறவன் வாயில் வரும் விதி வேறு ரகம். அது வரலாற்றிலேயே இருக்கிறது. உமையா வம்சத்து மன்னர்கள் ஆண்ட காலத்தில் பஸ்ராவில் மஃபத் அல்ஜுஹனி என்று ஒருவர் கத்ரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவரும் அதா பின் யஸார் என்பவரும் அந்தக் காலத்துப் பெரிய அறிஞரான ஹசன் பஸ்ரி அவர்களிடம் போய், இந்த மன்னர்கள் முஸ்லிம்களின் ரத்தத்தைச் சிந்துகிறார்கள், சொத்தைப் பிடுங்குகிறார்கள், கேட்டால் எங்கள் செயல் அல்லாஹ்வின் விதிப்படிதான் நடக்கிறது என்கிறார்கள் என்று முறையிட்டார்களாம். அல்லாஹ்வின் எதிரிகள் பொய் சொல்கிறார்கள் என்றாராம் ஹசன் பஸ்ரி. பழைய நூலாசிரியர் இப்னு குதைபா இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆட்சிக்கு எதிரான கலகத்தில் சேர்ந்த மஃபத் 700-ஐ ஒட்டிய வருடங்களில் கொல்லப்பட்டார். அவர் பக்கமும் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. மனிதனின் பொறுப்பைக் காப்பாற்றப் போய், நடக்கும்வரை எதுவும் முன்பே தீர்மானிக்கப்படவில்லை என்கிற அளவுக்கு அந்தக் கூட்டம் போனது. கலீஃபா உமரின் மகன் இப்னு உமர் (ரலி) அதைக் கேட்டு, அவர்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, உஹது மலை அளவு தங்கத்தைத் தர்மம் செய்தாலும் கத்ரை நம்பாதவரை அல்லாஹ் ஏற்க மாட்டான் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் மஃபத் எந்தக் கொடுமையைப் பார்த்து அப்படிப் பேசினார் என்பதை நான் மறக்க மாட்டேன். அநியாயம் செய்துவிட்டு விதி என்று சொல்கிற பழக்கம் அவ்வளவு பழையது. இணைவைத்தவர்கள் 'அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோம்' என்று சாக்குச் சொன்னதையும், அதைக் குர்ஆன் பொய் என்று தள்ளியதையும் அன்ஆம் அத்தியாயத்தில் பார்க்கலாம்.

அப்புறம் வந்த கூட்டங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜஹ்ம் பின் ஸஃப்வான் என்பவர் மனிதனுக்கு எந்தச் சக்தியும் இல்லை, காற்றடிக்கிற பக்கம் பறக்கிறான் என்கிற அளவுக்கு ஒரு ஓரத்துக்குப் போனார். முஃதஸிலாக்கள் மறு ஓரத்துக்குப் போய், இறைவன் நீதியாளன் என்றால் மனிதன் தன் செயலைத் தானே உண்டாக்க வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றவர்கள்தான் இன்றைக்கு நம் மதரசாக்களில் ஓதப்படும் இரண்டு இமாம்கள். பஸ்ராவில் பிறந்து 936 வாக்கில் பக்தாதில் இறந்த அபுல் ஹசன் அல்அஷ்அரீ, 944-இல் சமர்கந்தில் இறந்த அபூ மன்சூர் அல்மாதுரீதி. ஷாஃபிகள் பெரும்பாலும் அஷ்அரீ வழி, ஹனஃபிகள் பெரும்பாலும் மாதுரீதி வழி. இப்போது புரிந்திருக்கும், என் வீட்டில் ராத்திரி கடை அடைத்த பிறகு என்ன விவாதம் நடக்கும் என்று.

செயலைப் படைப்பவன் அல்லாஹ்தான் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. மனிதன் பங்கு என்ன என்பதில்தான். அஷ்அரீ அதற்கு 'கஸ்பு' என்றார், அல்லாஹ் படைக்கும் செயலை மனிதன் சம்பாதித்துக்கொள்கிறான், அதனால் அவன் பொறுப்பு. என் வீட்டுக்காரர் இதை எத்தனையோ முறை எனக்கு விளக்கிப் பார்த்துவிட்டார். அரபி படித்தவர்களே எதையாவது பிடிபடாத விஷயம் என்று கிண்டல் செய்ய வேண்டுமானால் 'அஷ்அரீயின் கஸ்பைவிட நுட்பம்' என்று சொல்வார்களாம், நான் எந்த மூலைக்கு. மாதுரீதி வழியில், மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் விருப்பத்தை அல்லாஹ் உண்மையாகவே தந்திருக்கிறான், அவன் ஒன்றின் பக்கம் விருப்பத்தைத் திருப்பினால் அந்தச் செயலை அல்லாஹ் படைக்கிறான் என்பார்கள். இது எனக்குக் கொஞ்சம் காலூன்றி நிற்க இடம் தருகிறது. பிறந்த வீட்டுப் பாசம் என்று அவர் சொல்வார், இருக்கட்டும். அவரும் சும்மா விடுவதில்லை, அந்த விருப்பம் திரும்புவது யாருடைய படைப்பு என்று கேட்பார். 'விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்' என்ற கஹ்ஃப் அத்தியாயத்து வசனத்தை நான் எடுத்தால், 'அகிலங்களின் இறைவன் நாடினாலன்றி நீங்கள் நாட மாட்டீர்கள்' என்ற தக்வீர் வசனத்தை அவர் எடுப்பார். இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறைக்கக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

பயான்களில் வழக்கமாக ஒரு உதாரணம் சொல்வார்கள். இந்தப் பையன் பரீட்சையில் தோற்பான் என்று வாத்தியாருக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரிந்ததாலா அவன் தோற்றான்? அல்லாஹ்வின் முன்னறிவும் அப்படித்தான் என்று. அறிவு வேறு, கட்டாயம் வேறு என்கிற வரைக்கும் இது சரி. ஆனால் வாத்தியார் அந்தப் பையனைப் படைக்கவில்லையே, அவன் மூளையையும் வீட்டையும் அவர் தரவில்லையே. இந்த உதாரணத்தைச் சொல்லிவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்று மைக்கை வைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அஷ்அரீ தன் முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயியிடமிருந்து பிரிந்ததற்குச் சொல்லப்படும் கதையே இந்த இடத்தில்தான் நிற்கிறது. மூன்று சகோதரர்கள், ஒருவன் நல்லவனாக வாழ்ந்து இறந்தான், ஒருவன் கெட்டவனாக, ஒருவன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். எனக்கு வாழ்ந்து நன்மை செய்ய ஏன் ஆயுள் தரவில்லை என்று குழந்தை கேட்டால்? நீ பெரியவனானால் பாவியாவாய் என்று எனக்குத் தெரியும், உன் நன்மைக்குத்தான் அப்படிச் செய்தேன் என்று அல்லாஹ் சொல்வான் என்றார் ஆசிரியர். அப்படியானால் என்னை மட்டும் ஏன் குழந்தையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று பாவியானவன் கேட்பானே என்றார் அஷ்அரீ. ஆசிரியர் பேசவில்லை. தஞ்சாவூர் வாசகர் கேட்டதைவிடக் கடுமையான கேள்வி இது, கேட்டவர் நாத்திகர் அல்ல, எங்கள் இமாம்.

சரி, முடிச்சு முழுதாக அவிழாவிட்டால் இந்த நம்பிக்கை எதற்கு உபயோகம்? முதல் மனிதர் ஆதமும் மூஸா நபியும் வாதிட்ட ஹதீஸ் ஒன்று இருக்கிறது. எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றியவர் நீங்கள்தானே என்று மூஸா கேட்க, நான் படைக்கப்படும் முன்பே என்மேல் எழுதப்பட்டதற்காகவா என்னைக் குறை சொல்கிறீர் என்று ஆதம் கேட்டார், வாதத்தில் ஆதம் வென்றார் என்று வரும். பாவம் செய்கிறவனுக்கு இது நல்ல சாக்காயிற்றே என்று தோன்றும். பிற்காலத்து அறிஞர் இப்னு தைமிய்யா இதற்குச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது: மூஸா கேட்டது மனிதருக்கு வந்த சோதனையைப் பற்றி, ஆதமின் பாவத்துக்கோ தவ்பா (பாவமன்னிப்புக் கோரல்) ஏற்கனவே ஏற்கப்பட்டுவிட்டது, வந்த துன்பத்துக்கு விதியைச் சொல்லிக்கொள்ளலாம், செய்த குற்றத்துக்குச் சொல்ல முடியாது.

2004-ஐ நம் டெல்டாக்காரர்கள் மறக்க முடியாது. ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். டிசம்பர் 26-இல் கடல் வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் 'விதி' என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிச் சொல்லி நெஞ்சை ஆற்றிக்கொண்டால் அவள் சொல்லட்டும், ஹதீத் அத்தியாயத்தில் எந்தத் துன்பமும் முன்பே ஏட்டில் இல்லாமல் வருவதில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தில் அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறது: கைநழுவிப் போனதற்காக நீங்கள் துக்கத்தில் மூழ்கிவிடாமல் இருப்பதற்காக, கிடைத்ததில் தலைகால் புரியாமல் ஆடாமல் இருப்பதற்காக. ஆனால் கூரைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே சமையல் நெருப்பையும், குறுகலான ஒரு படிக்கட்டையும் வைத்துக்கொண்டு குழந்தைகளை அடைத்து வைத்தவர்களும், அதைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களும் விதி என்று சொல்ல முடியுமா? 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தபோது யாரும் விதிக்கு எதிராகத் தீர்ப்பு என்று சொல்லவில்லை. சுனாமியிலும் பாருங்கள், அன்றைக்குக் கரையில் நின்றவனுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இனிமேல் எச்சரிக்கை வந்தும் அதைக் கரைக்குச் சொல்லாமல் விட்டால் அது கடலின் மேல் போட வேண்டிய பழி இல்லை. அன்றைக்கு எங்கள் ஜமாஅத்துப் பையன்கள், இது யார் எழுதிய விதி என்று உட்கார்ந்து யோசிக்காமல், எந்த மதம் என்று பார்க்காமல் மையத்துகளை (இறந்தவர்களின் உடல்களை) எடுத்து அடக்கினார்கள்.

எங்கள் ஆட்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. புருஷன் அடிக்கிறான், செலவுக்குத் தருவதில்லை என்று ஒரு பெண் பஞ்சாயத்துக்கு வந்தால், 'உன் நஸீபு, சபூர் செய் (பொறுத்துக்கொள்)' என்று சொல்லி அனுப்பும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அடிக்கிறவனிடம் போய் 'இது உன் நஸீபு இல்லை, நீ செய்கிற ஹராம்' என்று சொல்ல மட்டும் நாக்கு வராது. நபித்தோழர் ஸாபித் பின் கைஸின் மனைவி நபியிடம் வந்து, அவருடைய குணத்திலும் மார்க்கத்திலும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவரோடு வாழ முடியாது என்றார். அவரைப் பார்த்து உன் விதி என்று நபி சொல்லவில்லை. மஹராக (மணக்கொடையாக) வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்டு, சரி என்றதும் பிரித்துவிட்டார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. குறை இல்லாத புருஷனிடமிருந்தே ஒரு பெண் விலக வழி இருக்கும்போது, அடிவாங்குகிறவளைக் கத்ரைக் காட்டிக் கட்டிப்போடுவது எந்த மத்ஹபில் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லட்டும், ஹனஃபியானாலும் ஷாஃபியானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஷஅபான் மாதம் 15-ஆம் இரவு பராஅத்துக்கு எங்கள் தெருவில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதுவோம், நீண்ட ஆயுளுக்கு ஒன்று, ரிஸ்குக்கு (வாழ்வாதாரத்துக்கு) ஒன்று, பலா முஸீபத்து (ஆபத்துகள்) நீங்க ஒன்று. இதற்கு ஆதாரம் இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள், அந்தச் சண்டைக்கு நான் இப்போது வரவில்லை. எழுதிமுடித்த ஏட்டைப் பார்த்துத் துஆ (பிரார்த்தனை) கேட்பானேன் என்று தஞ்சாவூர் வாசகர் சிரிக்கலாம். துஆவைத் தவிர வேறெதுவும் விதியைத் திருப்பாது என்று ஹதீஸ் இருக்கிறது, அல்லாஹ் நாடியதை அழிக்கிறான், நாடியதை நிலைக்க வைக்கிறான், மூல ஏடு அவனிடம் இருக்கிறது என்று குர்ஆனிலும் இருக்கிறது. கேட்பதும் எழுதியதில் சேர்ந்ததுதான் என்று ஆலிம்கள் சொல்வார்கள். உமர் பள்ளத்தாக்கை வைத்துச் சொன்னதும் அதுதானே.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. அந்தக் கடிதத்துக்கு 'விதியை நம்பி முடங்கும் சமுதாயம்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். எழுதியவரே அவ்வளவு தூரம் போகவில்லை, அவர் கேள்விதான் கேட்டிருந்தார், தலைப்பு உங்கள் மேசையில் வைத்தது என்று நினைக்கிறேன். அடுத்த முறை கேள்வியைக் கேள்வியாகவே போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் அஷ்அரீ மாதுரீதி சமாச்சாரத்தை வெட்டிக்கொள்ளலாம், என் வீட்டுக்காரர் மட்டும்தான் வருத்தப்படுவார். பஞ்சாயத்துப் பெரியவர்களைப் பற்றிய பத்தியை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகூர்